வயிற்றில் ஒரு புள்ளி

வரிசையில் முதலில் மெத்வல்லி,
அவன் பின்னால் ஷெஹாதா.
மூன்றாவதாக நிற்க வேண்டியவள் நான்.

பருத்தி வெடித்திருந்த மாதம்.
சிறுநீரில் ரத்தம் போகிற பிள்ளைகளுக்கெல்லாம்
பள்ளி முற்றத்தில் ஊசி போட்டார்கள்.
கண்ணாடிக் குழல் ஒன்று,
தையலூசி தோற்கும் தடிமனில் ஊசி ஒன்று.
மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த தண்ணீர்
கொதிக்கும் முன்பே எடுத்தார்கள்; கூட்டம் அப்படி.
மெத்வல்லி கையிலிருந்து உருவியது
ஷெஹாதா கையில் இறங்கியது.
நான் மக்காச்சோளத்துக்குள் படுத்துக்கொண்டேன்.
ஓர் எருமை பார்த்தது.
காட்டிக்கொடுக்கவில்லை.

வாய்க்கால் நத்தை தந்த நோய் போனது உண்மை.
அதற்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

முப்பது வருஷம் ஒன்றும் தெரியவில்லை.
ஒரே ஊசி, ஒரே காலை, ஒரே கிருமி.
ஒரே தட்டில் மொச்சை வழித்துத் தின்ற இரண்டு பேர்.

மெத்வல்லி கணக்கு வாத்தியார்.
புகையில்லை, சூதில்லை,
தேநீரில் சர்க்கரை ஒரு கரண்டிக்கு மேல் இல்லை.
அவனுக்குத்தான் கண் மஞ்சளித்தது.
கால் சூம்பி, வயிறு மட்டும் நீர்கோத்து
கரும்பலகைக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றது.

ஷெஹாதாவுக்குத் தல்கா பாலத்தடியில் தள்ளுவண்டி.
விற்பது என்ன தெரியுமா? ஈரல்.
பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு வறுத்த மாட்டீரல்.
மிஞ்சியதை அவனே தின்பான்,
சட்டி எண்ணெயை ரொட்டியால் துடைத்து.
நாளுக்கு இரண்டு பாக்கெட் சிகரெட்.
விலாவில் கருவி வைத்துத் தட்டிப் பார்த்தபோது
அவன் ஈரலின் இறுக்கம் ஐந்து.
மெத்வல்லிக்கு முப்பத்தொன்று.

ஊர் சும்மா இருக்குமா?
'வாத்தியார் ராத்திரியில் குடிக்கிறார்.'
அண்ணி இஃபத்
அலமாரிகளை வாசலில் கொட்டிக் கவிழ்த்துக் காட்டினாள்.
அத்தனையும் விடைத்தாள்.

மன்சூராவிலிருந்து டாக்டர் ரவ்யா வந்தாள்,
குளிர்பெட்டியும் குழாய்களுமாக.
'இருபத்திரண்டாம் குரோமோசோமில் ஓர் இடம்.
அங்கே சி இருக்கும், சிலருக்கு ஜி.
தாயிடம் ஒன்று, தந்தையிடம் ஒன்று வாங்கி வருகிறோம்.
இரண்டும் ஜி-யாக விழுந்தால்
ஈரலில் கொழுப்பு தங்கும்.
கிருமியும் கூடச் சேர்ந்தால்
தழும்பு சீக்கிரம் கட்டும்.'

அதனால்தானா?

'அதனால் மட்டும் என்று எழுத மாட்டேன்.
அது ஒரு சாய்வு.
சாய்ந்த சுவரெல்லாம் விழுவதில்லை.'

பதிவு அலுவலகத்தில் பிறப்பும் இறப்பும் எழுதுகிறவள் நான்.
எனக்குப் புரிந்தது.
எங்கள் எழுத்தில் கயிறு என்று எழுதி
முதலெழுத்தின் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தால்
மலை.
அவ்வளவுதான்.
ஒரு புள்ளி தவறியதால்
அப்பன் நிலம் கைக்கு வராமல்
படியேறிப் படியேறிக் கிழவனானவனைக் கண்டிருக்கிறேன்.

மாத்திரை பிறகுதான் வந்தது.
பன்னிரண்டே வாரம்;
இருவர் ரத்தத்திலும் கிருமி இல்லை.
ஷெஹாதா வண்டிக்கு மாலை போட்டான்.
மெத்வல்லி சிரித்தான்:
'திருடன் போய்விட்டான்,
பூட்டுவதற்குக் கதவு எங்கே?'
அடுத்த வருஷம், நோன்புக்கு முந்தின வாரம்,
தொட்டி நிறைய ரத்தமாய் வாந்தி.
சான்றிதழை நானே எழுதினேன்.
அவன் பெயரின் புள்ளிகளை
இரண்டு முறை எண்ணினேன்.

ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தமும் கேட்டிருந்தார்கள்.
கடிதம் போன வாரம் வந்தது.
ஜி, ஜி.
மெத்வல்லியின் அதே புள்ளி, அதே வயிற்றில்.
எங்கள் இருவருக்கும் நடுவே
ஒரு சோளக்கொல்லை,
வாய்திறக்காத ஓர் எருமை.

நேற்று பாலத்தடிக்குப் போனேன்.
ஷெஹாதா ரொட்டியைச் சுருட்டி நீட்டினான்.
'காகிதத்தில் என்ன போட்டிருக்கு?'
உனக்கு ஒன்றுமில்லையாம் என்றேன்.
'உனக்கு?'

எலுமிச்சை இன்னும் கொஞ்சம் பிழியேன் என்றேன்.
பிழிந்தான்,
விதை விழாமல் விரலிடுக்கில் வடித்து.