ஆறு நிமிடம்

மார்ச். நியூ மெக்சிகோவில் ஒரு மலைமுகடு.
செத்த செயற்கைக்கோள் ஒன்று
வெயில் பட்டு மினுங்கப்போவது
மொத்தம் ஆறு நிமிடம்.

இரண்டு தொலைநோக்கிகள்.
ஒன்றின் ஒளி முந்துகிறது.
குழாய்க்குள் தண்டவாளத்தில் கண்ணாடியை நகர்த்தி
அதைக் காக்கவைக்கிறாள் எலோய்சா பாக்கா,
மயிரிழையில் நூறில் ஒரு பங்குவரை.

திரையில் வெறும் இரைச்சல்.
"ஹீட்டரை நிறுத்து, டெல்ஃபினோ."
நிறுத்தினான். கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டினான்.

வந்துவிட்டன கோடுகள்:
வெளிச்சம், கருப்பு, வெளிச்சம், கருப்பு.
ஒளியோடு ஒளி சேர்ந்தும் இருட்டு பிறக்கும்.
இருபது வருடமாகத் தெரியும்,
இன்னும் வயிற்றை என்னவோ செய்கிறது.

நாளைக்குப் படம் எங்கே என்பார்கள்.
படமில்லை, ஓர் எண்தான்.
இறக்கை ஒன்றே முக்கால் மீட்டர்.
பதினொன்று இருந்திருக்க வேண்டும்.

பேட்டரி பழுது என்றெழுதி
எப்போதோ மூடிய கோப்பு அது.

"விரியவே இல்லை" என்றாள்.
டெல்ஃபினோ ஹீட்டரைப் போட்டான்.