கரைந்த ஆக்சிஜன்

பாடப்புத்தகத்தைக் கடல் மட்டத்தில் உட்கார்ந்து
எழுதியிருக்கிறார்கள்.
இருபது பாகைத் தண்ணீரில், லிட்டருக்கு
ஒன்பது மில்லிகிராம் ஆக்சிஜன் என்கிறது அட்டவணை.
ஒரூரோ நகரம் மேலே இருக்கிறது,
மூவாயிரத்து எழுநூறு மீட்டர்.
பந்து விளையாட வரும் வெளிநாட்டுக்காரர்கள்
இடைவேளையில் கோட்டோரம் விழுந்து
மூச்சுக்கு அலைவார்கள்.
இங்கே தண்ணீருக்கும் அதே கதி:
ஐந்தே முக்கால். அதற்கு மேல் பிடிக்காது.
முதல் தேர்வில் ஒன்பது என்று எழுதிப்
பூஜ்யம் வாங்கினேன்.

இரண்டாம் ஆண்டு. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை.
அழுக்குத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து
இருட்டில் வைக்க வேண்டும், ஐந்து நாள்.
உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள்
எவ்வளவு மூச்சைத் தின்றன என்று
பிறகு கணக்கு.
ஏன் ஐந்து?
எந்த ஆங்கிலேய ஆறும் அதற்குள்
கடலைச் சேர்ந்துவிடுமாம்.
வகுப்பே சிரித்தது.
எங்கள் ஆறு எந்தக் கடலையும் சேராது,
உப்பு ஏரியில் போய்ப் படுத்து
வெயிலுக்கு ஆவியாகும்.
நாட்டுக்கே கடல் இல்லை.
கடற்படை மட்டும் இருக்கிறது.

ஹெனாரோவும் நானும் ஒரே மேசை.
காலையில் அவன் மினிபஸ் நடத்துனர்.
ஆய்வகத்திலும் நிறுத்தங்களைக் கூவுவான்:
"மாங்கனீசு! அயோடைடு! அமிலம்!
இறங்கு, இறங்கு!"
தண்ணீர் எடுத்தது
சுரங்கத்துக்குக் கீழே ஓடும் ஓடையில்.
துரு நிறம். கல்லெல்லாம் ஆரஞ்சு.
ஒரு நாய் தாண்டிக் குதித்ததே தவிர
நாக்கு வைக்கவில்லை.
அதே சுரங்கத்தில் அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட்.
அவர் கட்டிய பருவக் கட்டணத்தின் ரசீது
என் பையில், புட்டிகளுக்குப் பக்கத்தில்
நனைந்துபோயிருந்தது.

குமிழி ஒன்றும் நுழையாமல் நிரப்பி
அடைகாக்கும் பெட்டியில் வைத்தோம்.
மூன்றாம் நாள் மாணவர் சங்கம்
வாயிலில் டயர் கொளுத்தியது.
கோரிக்கை நியாயம்தான்,
நானும் கையெழுத்திட்டவள்.
சுற்றுச்சூழல் பொறியியல் துறை என்ற பலகையைக்
கரும்புகை மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தது.

ஐந்தாம் நாளுக்கு வேலைநிறுத்தம் தெரியாது.
பின்சுவர். ஹெனாரோவின் முதுகு. என் ஜீன்ஸில் கிழிசல்.
காவலர் இலாரியோன் எங்களைப் பார்த்தார்,
பிறகு வெகு நேரம்
வானத்தைப் பார்த்தார்.

மாவுச்சத்து விட்டதும் புட்டி நீலம்.
துளி. துளி. இன்னும் ஒரு துளி.
கடைசித் துளியில் நீலம் இல்லாமல் போகும்.
அந்த ஒரு கணத்துக்காக
இந்தப் படிப்பின் மற்றதையெல்லாம்
மன்னித்திருக்கிறேன்.

முதல் நாள்: ஐந்து புள்ளி ஐந்து.
ஐந்தாம் நாள்: ஐந்து புள்ளி நான்கு.
"சுத்தம்!" கூவினான் ஹெனாரோ.
"குடிக்கலாம்! ஊற்றட்டுமா?"
சிரித்தோம். அப்புறம்
சிரிப்பு எங்கள் இருவருக்கும்
ஒரே நேரத்தில் நின்றது.

மூச்சு செலவாகவில்லை.
செலவழிக்க உள்ளே ஆள் இல்லை.
அமிலத்தாளைத் தோய்த்தேன்,
விரல்வரை சிவப்பு.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம், எண்ணுக்கு மட்டும்.
எழுதியிருந்தால்
பேராசிரியை எடெல்மிரா மதிப்பெண் போட்டிருப்பார்,
ஓடைக்கு நற்சான்று கிடைத்திருக்கும்.

அன்றிரவு ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டே
அப்பா கேட்டார், ரிசல்ட் வந்துவிட்டதா?
இன்னும் ஐந்து நாள் என்றேன்.

கையேட்டின் பின்பக்கத்தில், சிறிய எழுத்தில்:
உயிரற்ற நீருக்கு
வெளியிலிருந்து உயிர் சேர்க்க வேண்டும்.
முதலில் அமிலத்தை அடக்கு,
பிறகு விதை.
எங்கள் தெருச் சாக்கடையில் ஒரு ஜாடி மொண்டேன்:
சோப்பு நுரை, யாரோ கழுவிய சூப் சட்டி,
அண்டை வீட்டார் அத்தனை பேர் வயிற்றிலிருந்தும்
வந்த கோடி கோடி உயிர்கள்.
நாற்றம் குடலைப் புரட்டியது.

மறுநாள் மறுபடி சுவர்.
பிப்பெட்டில் இரண்டு மில்லிலிட்டர் சாக்கடை.
ஒரு கையால் மூக்கைப் பொத்தியபடி
புட்டியின் வாயருகே குனிந்து
ஹெனாரோ அழைத்தான்:
"ஏறு, ஏறு,
உள்ளே இடமிருக்கு,
எல்லாம் காலி!"