புள்ளியா, கறையா

நாற்பத்து மூன்றாம் கட்டத்தில்
ஒரு ஃபாவின் தலைமேல்
ஏதோ உட்கார்ந்திருக்கிறது.

புள்ளி என்றால் வெட்டி வாசிக்க வேண்டும்.
கறை என்றால் இழுத்து.
ஆறு வருடமாய் நான் வெட்டுகிறேன்,
பக்கத்து நாற்காலி வாஷிங்டன் இழுக்கிறார்.
பைசாந்து நகராட்சி இசைக்குழுவின்
இரண்டு கிளாரினெட்டும்
ஒரே தாங்கியை, ஒரே டேப்லெட்டைப் பார்த்தபடி
முழங்கையால் இடித்துக்கொள்ளும் இடம் அது.
நடத்துநர் பழைய டிரம்பெட்காரர்.
எங்கள் பக்கம் அவருக்குக் காது கிடையாது.

தாளை ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று.
அதற்கு முன்பே யாரோ ஸ்கேன் செய்துவைத்த
கனத்த கோப்பு ஒன்று மிஞ்சியது.
அதைத் திறந்தால் என் டேப்லெட்
மூச்சுமுட்டி அணைந்துவிடும்.
சுருக்கிய நகலை விரலால் விரித்தால்
ஃபா, கோடு, அந்த ஏதோ
எல்லாம் சேர்ந்து கூழாகும்.
மருந்துக்கடைக் கணினியில் பார்த்திருக்கலாம்.
பார்க்கவில்லை.
ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.

புதியதைக் கடையில் பார்த்தேன், மொன்டெவிடியோவில்.
காட்சிக்கு வைத்த திரையில் ஒரு தவளை.
அதன் கண்ணுக்குள் ஜன்னல்,
ஜன்னலுக்குள் படமெடுத்தவனின் தொப்பி.
அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி என்றாள் விற்பனைப் பெண்.
புள்ளி சிறுக்கச் சிறுக்கப் படம் தெளியுமாம்.
பெரும்புள்ளிகளை அண்ணாந்து பார்த்தே பழகிய ஊருக்கு
இது விளங்கச் சற்று நேரம் பிடிக்கும்.

கடையில் இருப்பு இல்லை. பன்னிரண்டு தவணை,
முதல் தவணை கட்டியாயிற்று.
பாதியைத் தான் தருவதாக வாஷிங்டன் சொன்னார்.
வேண்டாம் என்றேன்.
பணம் போட்டவருக்குத் தீர்ப்பிலும் பங்கு கேட்கத் தோன்றும்.

'பொதி கிடங்கில் உள்ளது.'
நான்கு நாளாய் அதே வரி.
காலையில் மாத்தே உறிஞ்சும்போது ஒருமுறை,
மாட்டு உண்ணி மருந்தை அடுக்கும்போது ஒருமுறை,
படுக்கும் முன் இரண்டு முறை.
மூக்குக் கண்ணாடியைக்கூட மாற்றிவிட்டேன்.
திரை மட்டும் கூர்மையாகி என்ன பயன்,
பார்ப்பவள் மங்கலாக இருந்தால்?
அதன் பிறகு எல்லாமே துகளாய்த் தெரிகிறது:
ஜூலைப் பனி பூத்த புல்,
மருந்துச் சீட்டில் பசுவின் காது,
ரசீதில் என் பெயர், ஓஃபெலியா இரியார்த்தே,
மைப்பொட்டுகளின் ஒரு சிறு கூட்டம்.

புதன்கிழமை வாஷிங்டன் கடைக்கு வந்தார்.
"வந்துவிட்டதா?"
"இல்லை."
அலமாரியை மேலும் கீழும் படித்தார்.
உண்ணிப்பொடி ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனார்.
அவரிடம் மாடு கிடையாது.

வியாழன் ஒத்திகை.
பழைய டேப்லெட், மூலையில் விரிசல்,
அதே ஃபா, அதன் தலைமேல் அதே ஏதோ.
இன்று ஒரு நாள் அவருக்காக இழுக்கலாம் என்று
எனக்கு ஏன் தோன்றியதோ.
இழுத்தேன்.
என் இடப்பக்கத்தில்
சுத்தமாக, கத்தரித்தாற்போல்,
வாஷிங்டன் வெட்டினார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
ஆறு வருடத்தில் முதல்முறையாக
நடத்துநர் தலை எங்கள் பக்கம் திரும்பியது.
"கிளாரினெட்டுகள், என்ன அது?"
யாரும் பதில் சொல்லவில்லை.
வாஷிங்டன் தன் கருவியின் எச்சிலைத் துடைப்பதில்
மிகவும் மும்முரமாக இருந்தார்.
"நாற்பதிலிருந்து, மறுபடி."

சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.
ஒருமுறை. மறுபடி ஒருமுறை.
கூரியர்காரனாக இருக்கலாம்.
வாசலில் நின்று மணியடித்துக்கொண்டிருக்கலாம்,
முந்நூறு முந்நூறாய் அடைத்த புள்ளிகளோடு.

நாற்பது.
நாற்பத்தொன்று.
வாஷிங்டன் மூச்சை இழுப்பது கேட்கிறது,
என்னுடையதைவிடச் சற்று முன்னதாக.