இடது கையுறை

மறக்காமலிருப்பதே என் உத்தியோகம்.
தொப்பி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது,
மெழுகுவத்தி எத்தனை விரற்கடை எரிந்திருந்தது,
அவித்த முட்டையில் எவ்வளவு தின்றாயிற்று,
எல்லாம் குறித்துக்கொள்வேன்.
ஈனிட் ப்ரௌஸ், கன்டினியூட்டி.
வாரம் மூன்று பவுன். மதியச் சாப்பாடு சொந்தச் செலவு.

முப்பத்தேழு, நவம்பர்.
தேம்ஸ் நதியின் மூடுபனி
ஸ்டுடியோக் கதவிடுக்கில் நுழைந்து
விளக்கடியில் தானும் நடிக்க நின்றது.
கூலி கேட்காத ஒரே துணை நடிகர்.

கதை இதுதான்:
பிஸ்கட் கம்பெனி முதலாளியின் ஒரே மகள்
மணக்கோலத்தோடு தேவாலயப் பின்வாசலில் ஓடி
இரவு ரயில் ஏறுகிறாள்.
தப்பான பெட்டி.
உள்ளே ஒரு மாட்டு வைத்தியன்,
அவன் மடியில் ஒரு வாத்து,
வாத்தின் வயிற்றில் அவள் நிச்சயதார்த்த மோதிரம்.
எப்படிப் போனதென்று கேட்காதீர்கள்,
இயக்குநரே கேட்கவில்லை.
பீட்டர்பரோ வரை வாய் ஓயாத சண்டை.
யார்க்கில் மௌனம்.
எடின்பரோவில் முத்தம்.

திரையில் அப்படி.
தரையிலோ, கதாநாயகன் வெங்காயம் தின்னக்கூடாதென்று
ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்
செல்வி லோர்னா ஃபேன்ஷா.
மறுநாளே அவன்
இரண்டு வெங்காயத்தை ஆப்பிள்போல் கடித்துக்கொண்டு வந்தான்.
முத்தத்துக்குப் பதினொரு டேக்.
ஒன்பதாவதில் வாத்து அவன் தொடையைக் கொத்திற்று.
அப்போது அவன் முகத்தில் எழுந்த தவிப்பைத்தான்
பத்திரிகைகள் பிறகு
காதல் என்று எழுதின.

வாத்து ஒன்றல்ல, மூன்று.
உறங்க ஒன்று, உதற ஒன்று, கொத்த ஒன்று.
மூன்றின் அலகிலும் ஒரே இடத்தில்
ஒரே மச்சம் தீட்டியவன் க்ளெம் கேட்டரல்,
லங்காஷயர்க்காரன், அரங்க ஓவியன்.
ரயில் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற விடியலும்
அவன் கைவேலை:
நீளத் துணியில் வயல், வேலி, தந்திக்கம்பம்.
உருளையில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றுவான்,
இங்கிலாந்து ஓடும்.
நாற்பது நொடிக்கொரு முறை
அதே இங்கிலாந்து.

அன்று,
வேலியோரம் புதிதாய் யாரோ நின்றிருந்தது.
சோளக்கொல்லைப் பொம்மை என்று நினைத்தேன்.
அடுத்த சுற்றில் அதற்கு மூக்குக்கண்ணாடி.
அதற்கடுத்த சுற்றில்
கையில் குறிப்புப் பலகை,
காதில் செருகிய சிவப்புப் பென்சில்.
என் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
பென்சில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் லோர்னா
இடது கையுறையைக் கழற்றி
வைத்தியன் முகத்தில் எறிந்திருக்கிறாள்.
நான் எழுதிவைத்தது:
கையுறை, இரண்டும் உண்டு.

பிப்ரவரியில் எடிட்டர் கண்டுபிடித்துக் கத்தினார்.
எறிந்த கையுறை
அடுத்த ஷாட்டில் அவள் கையிலேயே இருந்தது.
மறுபடி எடுக்க வழியில்லை;
ரயிலைப் பிரித்து நீர்மூழ்கிக் கப்பல் கட்டியிருந்தார்கள்.
எனக்கு அரை வாரச் சம்பளம் போயிற்று.

லெஸ்டரில் முதல் நாள்.
நகைச்சுவை என்று எழுதின இடமெல்லாம்
கூட்டம் இருமிக்கொண்டிருந்தது.
கையுறை தானாகத் திரும்பியதும்
மேல்மாடியில் ஒருவன் கெக்கலித்தான்,
அரங்கமே பற்றிக்கொண்டது.
எல்லாம் என் யோசனை என்று
இயக்குநர் கடைசிவரை சொல்லித் திரிந்தார்.
சொல்லட்டும்.

போன அரை வாரச் சம்பளத்தை க்ளெமிடம் கேட்டேன்.
தவணையில் தருகிறேன் என்றான்.
முதல் தவணை ஒரு கோப்பைத் தேநீர்.
முப்பத்தெட்டு வருஷமாயிற்று,
கணக்கு இன்னும் முடியவில்லை.

எப்போதாவது ஞாயிறு மதியம்
டெலிவிஷனில் அந்தப் படம் வரும்.
வாத்து உட்கார்ந்ததுமே அவனுக்கு உறக்கம்.
யார்க் வந்தால் எழுப்பு என்பான்.
எழுப்புவேன்.
கையுறையை அவன் பார்ப்பதில்லை;
ஜன்னலை, வேலியோரத்துச் சிறு பொட்டை
கண் இடுக்கிப் பார்க்கிறான்.

"வேலியில் பச்சை கொஞ்சம் தூக்கல்" என்கிறான்.

கறுப்பு வெள்ளைப் படம்.

"ஆமாம்" என்கிறேன்,
"பென்சிலின் சிவப்பு சரியாக இருக்கிறது."