நம்ம பக்கம் லீவு இல்லை

கார்த்திகை பிறந்து ஒன்பது நாள்.
ஒரு வெயிலைக் கண்ணில் காட்டவில்லை.
சாக்ஸ் நாலும் ஃபிரிட்ஜின் முதுகில் கிடக்கின்றன.
தர்ணிகாவின் பினோஃபார்ம்
அயர்ன் பெட்டிக்கடியில் சுர்ரென்று ஆவிவிட்டு
நனைந்த நாயின் வாசத்தோடு
கைக்கு வருகிறது.

அவள் ஐந்தரைக்கே எழுந்து
போர்வையோடு டிவி முன்னால் உட்கார்ந்தாயிற்று.
கீழே ஓடும் எழுத்தை
கூட்டிக் கூட்டிப் படிக்கிறாள்
(தமிழ்ப் புத்தகத்துக்கு இந்த அக்கறை கிடையாது).
நீலகிரி. ஈரோடு. திருப்பூர்.
மறுபடியும் நீலகிரி.
"நமக்கு ஏனுங்ம்மா இல்லை?"

சோமனூரிலிருந்து கொஞ்ச தூரம் கிழக்கே போனால்
இதே மழைக்கு வேறே கலெக்டர்.
என் தங்கச்சி வீடு அங்கேதான்.
அவள் பிள்ளைகள் இந்நேரம்
இழுத்துப் போர்த்தித் தூங்கும்.
ஏழு வயசுக்கு இதை எப்படிச் சொல்ல?
"அக்கட்டால மழை ஜாஸ்தி சாமி."
ஜன்னலைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
பல்லு விளக்கப் போய்விட்டாள்.

சுவருக்கு அந்தப்பக்கம் எட்டுத் தறி.
இராத்திரியெல்லாம் அவர் ஓட்டுகிறார்.
சின்னவன் சர்வின்
பிறந்த பதினாறாம் நாளிலிருந்து
அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறான்.
அவினாசியில் கல்யாண வீட்டுக்குப் போனபோது
ஊரே அடங்கிய பிறகு
இவன் மட்டும் விடிய விடிய அழுதான்.
சீக்கு என்று எல்லோரும் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள்.
நான்தான் மிக்ஸியை வெறுமனே ஓடவிட்டேன்.

ஏழு மணிக்குக் கரண்டு போனது.
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் நின்றன.
அப்போதுதான் கேட்டது
தகரத்தில் விழும் மழை,
வாளியில் சொட்டும் மழை,
யார் வீட்டு ஆடோ ஒன்று.
தொட்டிலில் சின்னவன் வீல் என்றான்.

நான் தோசைக் கல்லடியில்.
கை முழுக்க மாவு.
தர்ணிகா ஸ்கேலை எடுத்து
டிபன் பாக்ஸ் மூடியில் தட்டினாள்.
டக் டடக். டக் டடக்.
அவன் விம்மலோடு நிறுத்திக் கவனித்தான்.
போதவில்லை, மறுபடி வீல்.

அவர் உள்ளே வந்தார்.
புருவத்தில் பஞ்சு, கையில் செல்போன் வெளிச்சம்.
"நீ ஓட்றது ஆறாம் நம்பர் தறி, கண்ணு.
எட்டாம் நம்பரு இப்படி ஓடாது, அது நொண்டும்."
கட்டில் சட்டத்தில் இரண்டு கையாலும்
நொண்டித் தறியை ஓட்டினார்.
நான் தோசைத் திருப்பியால் கல்லில் ஒன்று சேர்த்தேன்.
மூன்று தறி. கட்டுபடியாகாத கூலிக்கு.
ஜெனரேட்டர் போட்டால் டீசலுக்கே பத்தாது என்று
நேற்று இதே முகம் சொன்னது.

சின்னவன் தூங்கவில்லை.
எழுந்து நின்று
தொட்டில் சேலையைப் பிடித்துக்கொண்டு
சிரித்தான். தோசை தீய்ந்தது.

ஷூவுக்குள் ஒரு ரயில்பூச்சி சுருண்டிருந்தது.
"இதுக்காவது லீவு விடுங்ம்மா" என்று
செடியடியில் கொண்டுபோய் வைத்தாள்.
பாதி ஈர சாக்ஸ், முழு ஈர ஷூ.
தெருமுனையில் வேன்காரர் ஹாரன் அடித்தார்.
குடையைச் சாய்த்துப் பிடித்து
திரும்பிப் பார்க்காமல் ஏறினாள்.
கோபம் முதுகில் தெரிந்தது.

எட்டேகாலுக்குச் செல்போனில் செய்தி:
கோயமுத்தூர் மாவட்டத்துக்கும் விடுமுறை.

எட்டே முக்காலுக்கு வேன் திரும்பி வந்தது.
ஜன்னல் முழுக்கக் கைகள், கூச்சல்.
முழங்கால் வரை சேற்றோடு இறங்கியவள்
வாசலிலிருந்தே கத்தினாள்:
"கலெக்டருக்கு இப்பத்தான் மழை தெரிஞ்சுதாம்ங்ப்பா!"

பையை எறிந்தாள்.
தம்பியைத் தூக்கி மடியில் வைத்து
ஸ்கேலைத் தேடினாள்.
அந்த நேரம் பார்த்துக் கரண்டு வந்தது.
ஒன்று, இரண்டு என்று தறிகள் எழுந்தன.
கடைசியாக நொண்டி.
அவள் மடியிலேயே
அவன் கண் செருகிற்று.

ஸ்கேலோடு என்னை நிமிர்ந்து பார்க்கிறாள்.
"லீவுங்ம்மா. எழுப்பட்டுமா?"