க் ழ் ம் ப்

மருதானையில், பாமசிக்கு மேல்மாடி.
பதினாறு கதிரைக்கு இருபத்திரண்டு பேர்.
நான் ஜன்னல் கட்டில் இருந்து
கொப்பியைப் பின்பக்கமாய்த் தொடங்கியிருக்கிறேன்.
முன்பக்கம் சீட்டுக் கணக்கு, இடமிருந்து வலம்.
ஹீப்ரு மறுகரையில் இருந்து வரும்.

நிலூகா மிஸ் சிங்களத்தில் சொல்கிறா,
நான் தமிழில் எழுதுகிறேன்:
வேர் என்றால் மூன்று எழுத்து.
மூன்றும் மெய்.
உயிர் இடையில் வந்துபோகும்,
அநேகமாய் அதை எழுதவும் மாட்டார்கள்.

மிஸ்ஸுக்கு அது இலக்கணம்.
எனக்கு மெய் என்றால் உடம்பு.
நான் போகிற வீட்டில் ஒன்று படுத்திருக்கிறது,
எண்பத்தெட்டு வயது, இடப்பக்கம் வராது;
ஏஜென்சிக் கடிதத்தில் அதற்குமேல் இல்லை.

ல் – ப் – ஷ்.
லோவேஷ்: உடுக்கிறான்.
மல்பிஷா: உடுத்திவிடுகிறாள்.
மித்லபேஷ்: தானே உடுத்திக்கொள்கிறான்.
நடுவில் நிற்கிறவள் நான்.
மூன்றாவது அவருக்குக் கைவந்துவிட்டால்
எனக்கு வேலை போய்விடும்.

பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை.
உண், ஊட்டு. எழு, எழுப்பு.
நாங்களும்தான் எழுத்தொன்றை இழுத்தோ அழுத்தியோ
வேலையை அடுத்தவர் தலையில் போடுகிறோம்.

வகுப்பு விட்டு, காலி வீதிப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு
கடைப் பலகைகளில் உயிரை உரித்துப் பார்த்தேன்.
புடவைக்கடை, பல் வைத்தியர், நகை அடகு,
எல்லாவற்றுக்கும் அடியில்
கொழும்பு நாலு, கொழும்பு ஆறு.
க் ழ் ம் ப்.
குழம்பு என்றும் வாசிக்கலாம்;
காலையில் வைத்த கத்தரிக்காய்
இந்நேரம் புளித்திருக்கும்.
ஏவலாகவும் வாசிக்கலாம்: குழம்பு!
இந்த ஊர் அதை ஒருவருக்கும்
சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஏவல் என்றால் எனக்கு நல்ல பழக்கம்.
ரியாத்தில் ஒன்பது வருடம்.
ஜீபி, கொண்டு வா.
இஃப்தஹி, திற.
ரூஹி, போ.
என் அரபி முழுவதும் அந்த ஒரு வரிசைதான்.
சமையலறையில் நின்றபடி
காதால் பொறுக்கியது.
கொண்டு வந்தேன், திறந்தேன், போனேன்,
ஒன்றையும் அந்த மொழியில்
செய்தேன் என்று சொன்னதில்லை.
அதற்கு என்ன சொல் என்று
கேட்க ஒரு சொல்லும் இல்லை.

இன்று பலகையில் மிஸ் எழுதினா:
ப் – த் – ஹ்.
எனக்குப் பிடரி சிலிர்த்தது.
அதே கதவு. கொஞ்சம் உச்சரிப்பு வேறு.
அட்டவணையின் முதல் வரியில்
மேடத்தின் கட்டளை இல்லை, இப்படி இருந்தது:
பதாஹ்தி. நான் திறந்தேன்.

மற்றவர்கள் அடுத்த வேருக்குப் போய்விட்டார்கள்,
கழுவு, துடை, தூக்கு.
நான் அங்கேயே நின்றேன்.

தமிழில் வெறும் வேரே கட்டளைதான்.
திற என்றால் ஆளே இல்லை,
ஒரு கையும் ஒரு கதவும் மட்டும்.
பின்னால் ஏன் வந்து ஒட்டினால்தான்
திறந்தேன்,
நான் வருவேன்.
ஏன் என்று கேட்கிற ஏனும் அதுவாய் இருந்தால்
எவ்வளவு நன்றாய் இருக்கும்.
மிஸ்ஸிடம் கேட்கவில்லை. மிஸ்ஸுக்குத் தமிழ் வராது.

வெள்ளவத்தை. மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலைசெய்யாது.
பைக்குள் திறப்பைத் தேடினேன்.
மஃப்தேயாஹ்: திறப்பு.
அவர்களுக்கும் அது திற என்பதில் இருந்துதான் பிறந்தது,
எங்களைப் போலவே.
சாவி என்கிற ஊர்க்காரருக்கு
இந்தச் சந்தோஷம் கிடையாது.

பூட்டு வழமைபோல இறுகி, பிறகு விட்டது.
பதாஹ்தி என்றேன், கொஞ்சம் சத்தமாய்.
பக்கத்து வீட்டு டெல்றீன் எட்டிப் பார்த்தாள்:
"என்ன அக்கா, ஆரோட கதைக்கிறீங்க?"
கணக்குப் பார்க்கிறேன் என்றேன்.
பொய்யும் இல்லை.

சீட்டு முன்னால் இருந்து வருகிறது, ஹீப்ரு பின்னால் இருந்து.
நடுவில் இன்னும் பதினொரு தாள்.
பிளேன் இருபத்தாறாம் தேதி.