மூன்றாம் விருப்பம்

கடவுச்சீட்டு கேட்கவில்லை.
இங்கே வசிக்கிறீர்களா என்றுதான் கேட்டது படிவம்.
பாலினஸ்லோவில், அகதி விடுதியில்,
முப்பத்தோராம் அறையில் நான்கு வருடமாக.
சித்தெம்பிலே என்பதை
இரண்டு முறை எழுத்துக்கூட்டிப் படித்து
முத்திரை குத்தினார் காவலர்.
காவல் நிலையத்திலிருந்து சிரித்தபடி
நான் வெளியே வந்தது அன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி.
குட்டி நாற்காலிகள். கயிற்றில் கட்டிய பென்சில்.
ஒருவரோடு நிறுத்த வேண்டாமாம்,
பிடித்த வரிசையில் எண் போடலாமாம்.
ஒன்று, எங்கள் தெருவுக்கு விளக்கு கேட்ட பெண்.
இரண்டு, மழையில் நின்று
என் பெயரைச் சரியாகச் சொன்ன பேக்கரிக்காரர்.
மூன்று,
வெகுநேரம் யோசித்து,
பேருந்தைப் பற்றியே பேசி அறுத்த அந்தப் பையன்.

எண்ணி முடிக்க இரண்டு நாள்.
இரவுப் பணியில் போர்வை மடித்தபடி
வானொலி கேட்டேன்.
இரண்டாம் சுற்றில் விளக்குக்காரி போனாள்.
ஐந்தாம் சுற்றில் பேக்கரிக்காரர்.
என் ஓட்டு மூட்டை கட்டிக்கொண்டு
அடுத்த வாசலுக்கு நடந்தது.
புலவாயோ, ஜோகன்னஸ்பர்க், டப்ளின்.
எனக்குத் தெரிந்த நடைதான் அது.

விடியும்போது
பதினொரு ஓட்டில் பையன் ஜெயித்தான்.

ஆறரை மணிப் பேருந்து
அன்றும் வரவில்லை.
யாரிடம் கேட்பதென்று
இப்போது எனக்குத் தெரியும்.